பொம்மை ரயிலுக்குக் குரல் வந்த கதை



சென்ற முறை அலுவலகத்துப் பழைய பேரேடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் நாலைந்து பேர் போனில் கூப்பிட்டு, "ஐயா, ஆபீஸ் கதை போதும், வேறு ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். சரி, இந்த முறை ரயிலைப் பற்றி எழுதுகிறேன். பெரிய ரயில் இல்லை, மேசை மேல் ஓடும் மாடல் ரயில். வயசான காலத்தில் பொம்மை விளையாட்டா என்று சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் அண்ணன் 1964-இல் சொல்தாவாகப் பிரான்சுக்குப் போனார். புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' என்றால் விளக்கம் வேண்டாம். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர் என்று அர்த்தம். அவரை வழியனுப்ப எங்கள் ஸ்டேஷனுக்கு வீடே திரண்டு போயிருந்தது. அப்போது எங்களுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் மீட்டர்கேஜ் பாதை. 1879-இல் போட்ட தடம் அது. நீராவி என்ஜின் கிளம்புவதற்கு முன் 'ஸ்ஸ்ஸ்' என்று விடாமல் சீறிக்கொண்டு நின்றது. அம்மா என்ன சொன்னார்கள், அப்பா என்ன சொன்னார் என்பது எதுவும் இன்று நினைவில்லை. அந்தச் சீறல் மட்டும் காதில் இருக்கிறது.

அண்ணன் பம்பாயில் கப்பல் ஏறி மார்சேயில் இறங்கினார். அங்கிருந்து பிரெஜுஸ் ராணுவ முகாமுக்கு ரயில். அந்தக் கடற்கரைப் பாதை முழுவதும் மின்சாரத்துக்கு மாறாத காலம் அது. வண்டியில் பூட்டியிருந்தது '141 ஆர்' என்ற பெரிய நீராவி என்ஜின். அதைப் பற்றி அவர் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி: "இங்கே என்ஜின் நின்றுகொண்டிருக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்வது மாதிரி டொக், டொக் என்று சத்தம் போடுகிறது."

அப்போது எனக்குப் புரியவில்லை. நம் என்ஜின் சீறத்தானே செய்கிறது, நெஞ்சு ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? காரணம் பிரேக்கில் இருக்கிறது. நம் நாட்டு நீராவி வண்டிகளுக்கு வேக்குவம் பிரேக். குழாயிலிருக்கும் காற்றை நீராவியைக் கொண்டு உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அந்தச் சீறல். பிரான்சில் அழுத்தக் காற்று பிரேக். என்ஜினின் பக்கத்தில் ஒரு நீராவிப் பம்பு மேலும் கீழும் அடித்துக் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு அந்த நாட்டு ரயில்வேக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'ப்தி ஷெவால்', அதாவது சின்னக் குதிரை. அண்ணன் கேட்டது அந்தச் சின்னக் குதிரையின் குளம்புச் சத்தம்.

இப்போது மாடல் ரயிலுக்கு வருகிறேன்.

மாடல் ரயில் ஓடத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அதற்குக் குரல் வந்தது மெதுவாகத்தான். அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1935-இல் விசில் ஊதும் ரயில் விற்றது. டெண்டருக்குள் ஒரு குட்டி மோட்டார், அது சுற்றும் ஒரு விசிறி, அந்தக் காற்று போய் ஊதும் ஒரு விசில் பெட்டி, அவ்வளவுதான். தடத்தில் ஓடுவது மாறு மின்சாரம். பொத்தானை அமுக்கினால் அதோடு கொஞ்சம் நேர் மின்சாரம் கலக்கும். டெண்டரிலுள்ள ரிலே அதை உணர்ந்து விசிறியைச் சுற்றவிடும். தண்டவாளத்தின் வழியாகவே ஒரு தனிக் கட்டளையை அனுப்பலாம் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பல வித்தைகள். சக்கரத்தோடு சுற்றும் சொரசொரப்பான தட்டில் ஒரு கம்பியை உரசவிட்டு 'புஸ் புஸ்' வரவழைத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் பி.எஃப்.எம். என்ற கம்பெனி மின்னணு முறையில் செயற்கையாக ஓசை உண்டாக்கி, தண்டவாளம் வழியாகவே டெண்டரில் இருக்கும் ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. சக்கரத்தின் அச்சில் ஒரு தொடுப்பு வைத்து மூச்சுச் சத்தத்தைச் சக்கரத்தோடு சேர்த்தும் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஓசை பிறப்பது என்ஜினில் இல்லை, வெளியே இருக்கும் பெட்டியில். ஒரு தடத்தில் இரண்டு என்ஜின் நின்றால் யாருடைய குரல் யாருக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் வைத்து விளையாடும் நேர் மின்சார ரயிலை நினைத்துப் பாருங்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவாகப் போகும், பூஜ்யமானால் நிற்கும். நிற்கும் என்ஜினுக்கு மின்சாரமே இல்லை. மின்சாரம் இல்லாதது எப்படிச் சத்தம் போடும்? ஓடும்போது மட்டும் உயிர், நின்றால் பிணம். உண்மையான நீராவி என்ஜின் அப்படி இல்லை. அது நிற்கும்போதுதான் அதிகம் பேசும். சீறும், முனகும், பம்பு அடிக்கும், தண்ணீர் சொட்டும். பயணிகள் நாம் என்ஜினைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் அது நிற்கும்போதுதானே?

இந்த முடிச்சை அவிழ்த்தது டிஜிட்டல் முறை. ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் என்பவர் 1980-களில் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் ஒரு பொதுத் தரம் வகுத்தது. அதற்குப் பெயர் டி.சி.சி. இதில் தடத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், என்ஜின் ஓடினாலும் நின்றாலும். மின்சாரத்தின் திசை மாறி மாறி வரும். அந்த மாற்றத்தின் கால அளவில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால், அதில் 58 பங்கு நேரத்தில் மாறினால் '1', 100 பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் '0'. தந்தி அலுவலகத்தில் கட்டு, கடா என்று அடிப்பார்களே, அதே சங்கதி. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்னச் சில்லு இருக்கும். தனக்கு வந்த தந்தியை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், மற்றவற்றை விட்டுவிடும்.

தடத்தில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் நிற்கும் என்ஜினுக்கும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் குரலும் வந்தது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் டுராங்கோ என்ற மலையூரைச் சேர்ந்த சவுண்ட்டிராக்ஸ் கம்பெனி, ஓசையும் ஓட்டமும் கலந்த டிகோடர்களைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஜெர்மனியின் உல்ம் நகரில் தொடங்கிய இ.எஸ்.யு. கம்பெனியின் 'லோக்சவுண்ட்' வந்தது. ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் அது. உண்மையான என்ஜினிடம் மைக்கை வைத்துப் பதிவு செய்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, தபால்தலை அளவுச் சில்லில் அடைத்தார்கள். நின்றால் ஒரு துண்டு, கிளம்பினால் ஒரு துண்டு, பிரேக் போட்டால் ஒரு துண்டு. பாட்டு கேசட் மாதிரி வரிசையாக ஓடாது. என்ஜின் என்ன செய்கிறதோ அதற்கேற்ற துண்டை டிகோடரே எடுத்துப் போடும்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனால்தான்.

அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று பிரெஜுஸ் பக்கத்திலேயே வீடு வாங்கிக்கொண்டார். காரே வைக்க முடியாத அளவுக்குக் காரேஜ் முழுவதும் மாடல் ரயில். எச்.ஓ. அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. 2019-இல் நானும் என் வீட்டம்மாவும் இரண்டு மாதம் போய் இருந்தோம். போன மறுநாளே அண்ணன் காரேஜுக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு 141 ஆர் மாடல்.

"தம்பி, இதுக்குச் சத்தம் போடணும். என் காது போய்க்கிட்டிருக்கு. முழுசாப் போறதுக்குள்ளே அந்த டொக் டொக்கை ஒருவாட்டி கேட்கணும். கணக்கு வழக்கெல்லாம் உனக்குத்தான் வரும். நீ பார்த்துச் செய்" என்றார்.

இடது காதில் கருவி மாட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஏதோ பழைய பொருள் சந்தையில் யாரோ பயன்படுத்திய சவுண்டு டிகோடர் ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டி ஓட்டினோம். சத்தம் நன்றாகவே இருந்தது. அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "இது இல்லடா."

ஏன் இல்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். மூச்சுகள் நாலு நாலாக இல்லாமல் ஆறு ஆறாக வந்தன. விசாரித்ததில் அதிலிருந்த ஓசை ஜெர்மனியின் '01.10' வகை என்ஜினுடையது என்று தெரிந்தது. அதற்கு மூன்று சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை நீராவியை வெளியே தள்ளும். எனவே ஆறு மூச்சு. 141 ஆருக்கு இரண்டே சிலிண்டர், நாலே மூச்சு. ஐம்பத்தைந்து வருஷம் கழித்தும் அண்ணனின் காது தப்புப் பண்ணவில்லை.

ஓசையைத் தேர்ந்தெடுப்பதில் முதல் பாடம் இதுதான்: எந்த என்ஜினிடம் பதிவு செய்தது என்று பார்க்க வேண்டும். நீராவி என்றால் எல்லாம் ஒன்றல்ல. பிரான்சிலேயே 141 பி என்று இன்னொரு வகை உண்டு. அதிலும் சக்கர அமைப்பு இதே மாதிரிதான். ஆனால் அது நாலு சிலிண்டர் காம்பவுண்டு. நீராவி முதலில் இரண்டு சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, மீதிச் சக்தியோடு மற்ற இரண்டுக்குப் போகும். வெளியே வரும்போது களைத்துப் போயிருக்கும், அதனால் மூச்சு மிருதுவாக இருக்கும். 141 ஆர் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்தது. போரில் என்ஜின்களை இழந்த பிரான்ஸ் அவசரமாக வரவழைத்தது. 1945 முதல் 1947 வரை 1,340 செய்தார்கள். அதில் 17 கடலில் போய்விட்டன, 1,323 வேலைக்கு வந்தன. எளிய, முரட்டு என்ஜின். நீராவியை ஒரே தடவை பயன்படுத்திவிட்டு வெளியே துப்பும், அதனால் குரைப்பது போலச் சத்தம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், குரலோ வேறு. இரண்டும் ஓடிய தடத்தின் பக்கத்தில் குடியிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

இந்த வகை டிகோடரில் முழு ஓசையையும் மாற்றலாம். அதற்குத் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். கம்ப்யூட்டருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அதை மாட்டி, 141 ஆரின் ஒலிக் கோப்பை ஏற்றினோம். தண்டவாளத்தின் வழியாகத்தான் ஏறும் என்பதால் நேரம் பிடிக்கும். அண்ணி காபி கொண்டுவந்தார், குடித்தோம், டம்ளரைக் கழுவி வைத்தோம், இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

ஓசை ஏறினால் மட்டும் போதாது, நமக்கேற்றபடி சரிசெய்ய வேண்டும். அதற்கு சி.வி. என்ற எண்ணிட்ட கட்டங்கள் உண்டு. சி.வி. 1 என்ஜினின் முகவரி. 3 வேகம் கூடும் நிதானம், 4 குறையும் நிதானம். இந்த டிகோடரில் 63 மொத்த ஒலி அளவு. எனக்கு இது பேரேட்டைத் திறந்தது மாதிரி இருந்தது. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, என்ஜின், கட்டம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு. பழையதை எழுதாமல் புதியதை எழுதாதே என்பது ஆபீசில் படித்த பாடம்.

ஆனாலும் முதல் நாளே சறுக்கினேன். 1964-இன் நினைவாக 141 ஆருக்கு 64 என்ற முகவரி கொடுக்கலாம் என்று எழுதினேன். எழுதும்போது தடத்தில் இன்னும் இரண்டு டீசல் என்ஜின்கள் நிற்பதைக் கவனிக்கவில்லை. அந்த முறையில் எழுதினால் தடத்தில் எது நின்றாலும் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். குமிழைத் திருகியதும் மூன்று என்ஜினும் ஒன்றாகக் கிளம்பின. ஒன்று முட்டுக்கட்டையில் மோதியது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே தனியாக ஒரு முழத் தண்டவாளத்தை வெட்டிப் போட்டு, எழுதும் வேலையெல்லாம் அங்கேதான் என்று விதி வைத்தோம். இந்தத் தடத்தில் ஒரு வேடிக்கை. சரியாக எழுதினால் என்ஜின் மோட்டாரை ஒரு துடிப்பு துடிக்கவிட்டுப் பதில் சொல்லும். 'வந்து சேர்ந்தது' என்று ரசீது கொடுப்பது மாதிரி.

அடுத்தது மூச்சைச் சக்கரத்தோடு பொருத்துவது. 141 ஆரின் ஓட்டுச் சக்கரம் 1.65 மீட்டர் விட்டம். ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டரும் கொஞ்சமும் போகும், அதற்குள் நாலு மூச்சு. மனிதன் நடக்கும் வேகத்தில் போனால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மூச்சு. மணிக்கு 60 கிலோமீட்டரில் விநாடிக்குப் பதின்மூன்று, காதால் எண்ண முடியாது. ஆகவே குறைந்த வேகத்தில்தான் பொருத்த வேண்டும். மாடலின் சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தோம். மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு மூச்சுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பது 57-ஆம் கட்டம். வேகம் கூடக்கூட அந்த இடைவெளி எப்படிக் குறைய வேண்டும் என்பது 58. புள்ளி ஒரு சுற்று வருவதற்குள் நாலு மூச்சு கேட்கும்வரை மாற்றி மாற்றி எழுதினோம். நோட்டில் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.

ஒலிபெருக்கி இன்னொரு பாடம். டெண்டருக்குள் வைக்கும் ஒலிபெருக்கி சர்க்கரைக் கட்டி அளவுதான். அதை வெறுமனே வைத்தால் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். பின்பக்கம் காற்றுப் புகாமல் ஒரு சின்னப் பெட்டி கட்டி மூட வேண்டும். நம்ம தம்புராவுக்குக் குடம் எதற்கு என்பது போலத்தான்.

கடைசியில் ஒலி அளவில் சண்டை வந்தது. அந்த டிகோடரில் அதிகபட்சம் 192. மேசைக்கு ஏற்ற அளவு என்று நான் 60 எழுதினேன். உண்மையான என்ஜினை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சத்தத்தையும் சுருக்கத்தானே வேண்டும்? அண்ணனுக்கு 60 காதில் விழவில்லை. 192-க்கு ஏற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் வருவார் என்று அண்ணி கோபித்துக்கொண்டார். நான் இறக்க, அவர் ஏற்ற, நோட்டில் ஒரே கட்டத்துக்கு ஆறு பதிவுகள்.

ஒரு நாள் மாலை, என்ஜின் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. ஒலி 60-இல்தான் இருந்தது. சின்னக் குதிரை அடித்தது. டொக். டொக். டொக். அண்ணன் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளங்கையை மரப்பலகை மேல் வைத்தார். அப்படியே ரொம்ப நேரம் நின்றார்.

"மார்சே ஸ்டேஷன்லே ஒரு மணி நேரம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்னேன் தம்பி. யார் பேசறதும் அப்போ காதிலே ஏறலே. என் நெஞ்சு அடிக்குதா, வண்டி அடிக்குதான்னே தெரியலே. திரும்பி வந்துடலாமான்னு இருந்துச்சு."

இதை அவர் கடிதத்திலும் எழுதியதில்லை, நேரிலும் சொன்னதில்லை. எல்லாரும் பிரான்சுக்குப் போன அண்ணன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இருபது வயசுப் பையன் அங்கே தனியாக நின்றது யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்சம் கழித்து அவரே கேட்டார்: "நம்ம ஊரு என்ஜின் சீறுமே, அதையும் ஒரு பொத்தான்லே போடலாமா?" போடலாம். வேக்குவம் பிரேக் வைத்த இங்கிலாந்து என்ஜின்களின் பதிவில் அந்தச் சீறல் உண்டு. அதை எடுத்து ஒரு காலிக் கட்டத்தில் வைப்பது பத்து நிமிஷ வேலை. "வேணாம் அண்ணே, 141 ஆர் அப்படிச் சீறாது. பதிவேட்டிலே பொய் எழுதக் கூடாது" என்றேன். அவரும் தலையாட்டினார்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து அந்த முடிவைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். எங்கள் மீட்டர்கேஜ் தடம் போய் 2004-இல் அகலப் பாதை வந்துவிட்டது. அந்தச் சீறலை ஸ்டேஷனில் இனிக் கேட்க முடியாது. அண்ணனுக்கு இப்போது போனில் பேசினால் பாதிதான் கேட்கிறது, அண்ணிதான் எடுத்துச் சொல்கிறார். நோட்டுப் புத்தகம் அந்தக் காரேஜில் ஆணியில் தொங்குகிறதாம். அதில் இன்னும் இடம் இருக்கிறது. அடுத்த முறை போனால், 'இது 141 ஆருக்கு உரியதல்ல, புதுச்சேரி ஸ்டேஷன், 1964' என்று குறிப்பெழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தச் சீறலையும் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன். குறிப்போடு எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகாது. ஆபீசில் அதற்கும் விதி உண்டு.